ஏடிஎம் கார்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறலாமா?

பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, மன்னார்குடி, கூத்தாநல்லூர் பக்கம் யாராவது வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினால் கடைசி நிமிடத்தில் ஒரு காட்சி நடக்கும். திருச்சி விமான நிலையம் போக வாசலில் கார் நிற்கும். மகன் பர்ஸிலிருந்து ஏடிஎம் கார்டை எடுத்து அம்மாவிடம் நீட்டுவார். "பின் நம்பர் தெரியும்ல? அவசரத்துக்கு எடுத்துக்கம்மா." பாஸ்புக் ஏற்கெனவே பீரோவில் இருக்கும். ஓடிபி வரணுமே என்று சில வீடுகளில் சிம் கார்டும் பழைய போனில் ஏறி அப்பாவிடம் போய்விடும்.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், கடைமடைக்குத் தண்ணீர் வரும் முன்பே உழவுக்கும் நாற்றங்காலுக்கும் செலவு வந்து நிற்கும். வீட்டில் கையில் காசு இருக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த ஏற்பாட்டில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. விஷயம் தெரிந்தவர்களே இரண்டையும் கண்டுகொள்வதில்லை.

முதல் ஓட்டை, அந்தக் கணக்கேதான். வேலைக்காக வெளிநாடு போகிறவர், அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி (1999-ல் வந்த ஃபெமா) கிளம்பிய நாளிலிருந்தே 'இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர்'. "182 நாள் ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று அலுவலக நண்பர் சொல்வார். அந்த 182 நாள் வருமான வரிக்கான கணக்கு. வங்கிக் கணக்குக்கு அது பொருந்தாது. இரண்டு சட்டங்கள், இரண்டு அளவுகோல்கள். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆகவே இங்குள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்க முடியாது. வங்கியில் சொல்லி அதை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். வீட்டு வாடகை, வைப்புத்தொகை வட்டி, நெல் போட்ட பணம் என்று இங்கே வரும் வருமானம் எல்லாம் அதில் வரலாம். அங்கே சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ என்று தனிக் கணக்கு திறப்பது நல்லது. அதில் வரும் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துப் போகவும் உச்சவரம்பு இல்லை. என்ஆர்ஓ அப்படியல்ல: வட்டியில் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் பிடித்துவிடுவார்கள். வரி கட்டிய பின் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரைதான் வெளியே கொண்டுபோகலாம். (10 லட்சம் டாலர் நமக்கு எதுக்கு என்று கேட்பது காதில் விழுகிறது.) இந்தியா வரி ஒப்பந்தம் போட்டிருக்கும் நாடு என்றால், அங்கே வசிப்பதற்கான வரிச் சான்றிதழைக் காட்டி அந்தப் பிடித்தத்தைக் குறைக்க வழி உண்டு.

டெல்டாக்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. நிலம் மகன் பெயரில், சாகுபடி பார்ப்பது அப்பா. நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டால் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அது மகனின் கணக்கு என்றால் என்ஆர்ஓ ஆன பிறகும் வரலாம், தடையில்லை. விவசாய வருமானத்துக்கு இங்கே வருமான வரியும் கிடையாது. ஆனால் சில வங்கிகளில் மாற்றும்போது கணக்கு எண்ணே புதிதாகிவிடும். அறுவடை நேரத்தில் பணம் பழைய எண்ணுக்குப் போய்த் திரும்பினால் அலைவது அப்பாதான். கொள்முதல் பதிவு, கூட்டுறவு சங்கம், கேஸ் மானியம், எல்ஐசி பிரீமியம் என்று எங்கெல்லாம் அந்த எண் இருக்கிறதோ அங்கெல்லாம் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். பிஎம் கிசான் 6,000 ரூபாய் உங்கள் பெயரில் வந்துகொண்டிருந்தால் அதையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். வருமான வரிக் கணக்கில் வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிட்டவருக்கு அது கிடையாது.

இதோடு சேர்ந்த இன்னொன்று. கையில் இருக்கும் நிலத்தை வைத்துக்கொள்ளலாம், பரம்பரையாக வருவதையும் பெறலாம். சிங்கப்பூர் சம்பளத்தில் ஊரில் ரெண்டு மா வயல் புதிதாக வாங்கி உங்கள் பேருக்கே பத்திரம் போடுவதற்கு மட்டும் ஃபெமாவில் பொது அனுமதி இல்லை.

மாற்றாமல் விட்டால்? மீறல் என்று முடிவானால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் என்கிறது சட்டம். அது எட்டாத தூரத்தில் இருக்கிற பயம் என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருக்கும் தொல்லை கேஒய்சி. புதுப்பிக்கச் சொல்லி வங்கி கேட்கும்போது நீங்கள் தோஹாவில் இருப்பீர்கள். இரண்டு ஆண்டுகள் நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும்.

இரண்டாவது ஓட்டை, அம்மா கையிலிருக்கும் கார்டு. பணம் திருடு போனால் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்று 2017-ல் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. வங்கி மீதும் உங்கள் மீதும் தவறில்லாமல் பணம் போய், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தால் உங்களுக்கு நஷ்டமில்லை. ஆனால் பின் நம்பரைப் பிறரிடம் சொன்னதால் போனது என்றால், புகார் கொடுக்கும் வரை போனதெல்லாம் உங்கள் கணக்கில்தான். 'பிறர்' என்பதில் அம்மாவும் சேர்த்தி. ஏடிஎம் வாசலில் "நான் எடுத்துத் தர்றேம்மா" என்று உதவிக்கு வரும் ஆசாமி கார்டை மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

மாற்று வழி எளிது. அம்மா பெயரில் ஒரு கணக்கு, அவருக்கே ஒரு கார்டு, மாதாமாதம் அதில் பணம். உங்கள் கணக்கிலிருந்தே எடுக்க வேண்டிய தேவை இருந்தால் வங்கியில் முறையாக அதிகாரக் கடிதமோ பவர் பத்திரமோ கொடுங்கள். 'ஜாயின்ட்ல அம்மா பேரைச் சேத்துட்டேன், போதும்' என்று நினைக்க வேண்டாம். என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் இங்கே இருப்பவரைச் சேர்த்தால், முதலாமவர் காலத்துக்குப் பின்தான் இரண்டாமவருக்கு உரிமை.

சிம் கார்டும் அப்படியே. அது உங்களிடமே இருக்கட்டும், ரோமிங்கில் உயிரோடு இருக்கட்டும். ரீசார்ஜ் விட்டுப்போய் எண் முடங்கினால், பிறகு வேறொருவருக்கு ஒதுக்கிவிடுவார்கள். உங்கள் ஓடிபி போகும் எண் அது! சிங்கப்பூர், அமீரகம், சவுதி, ஓமன், கத்தார் உட்பட 10 நாடுகளின் எண்களை என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளோடு யுபிஐயில் இணைக்க 2023 ஜனவரியில் அனுமதி வந்தது. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று கேளுங்கள்.

கிரெடிட் கார்டு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாக்கியைக் கட்டுங்கள், தேவையில்லாததை மூடுங்கள், வைத்திருப்பதில் வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயலியில் ஆன் செய்யுங்கள். 2020 அக்டோபருக்குப் பின் வந்த கார்டுகளில் அது ஆஃப் ஆகத்தான் வரும். அங்கே கடையில் 'ரூபாயிலா, உள்ளூர் பணத்திலா' என்று மெஷின் கேட்டால் உள்ளூர் பணம் என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் ஏமாறுவீர்கள்.

வேலை வாங்கித் தரும் ஏஜென்ட் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் கேட்டால் மட்டும் இரண்டாவது யோசனையே வேண்டாம். சைபர் மோசடிப் பணத்தைக் கடத்த இப்படி வாங்கிய கணக்குகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். போலீஸ் தேடுவது கணக்கின் சொந்தக்காரரை. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே வங்கியில் சொல்லி முடக்குங்கள், 1930-க்கும் அழையுங்கள்.

நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். தெருவுக்கு நாலு சபுராளி இருக்கும் ஊர்க் கிளைகளிலாவது, பாஸ்போர்ட்டோடு வரும் இளைஞரிடம் "வேலைக்கா போறீங்க? கணக்கை மாத்திட்டீங்களா?" என்று வங்கி ஊழியரே கேட்கலாம். வாடிக்கையாளர் கேட்டால் படிவம் கொடுப்பது என்றே இன்றுவரை இருக்கிறார்கள். இங்கே ஒரு மணி நேர வேலை. அங்கே போன பிறகு செய்தால் ஒவ்வொரு நகலுக்கும் தூதரகத்திலோ வேறு இடத்திலோ சான்றொப்பம் வாங்கி அனுப்பும்படி வங்கி கேட்கலாம்.

பாஸ்போர்ட், விசா, வேலை உத்தரவு, பான் கார்டு, போட்டோ இரண்டு. டிக்கெட் கைக்கு வந்த வாரமே கிளைக்குப் போய்விடுங்கள். வேலை முடிந்து ஊரோடு வந்துவிட்டால் இதே கவுன்ட்டருக்கு இன்னொரு முறை போக வேண்டியிருக்கும், எல்லாவற்றையும் பழையபடி உள்நாட்டுக் கணக்காக மாற்ற.