விளக்குக்குத் தொப்பி போடுங்கள்!

வானத்தைப் பார்த்து எரியும் விளக்கினால் யாருக்கு லாபம்?

ஒரு நகரம் இருட்டானது. ஒரு விஞ்ஞானி வானத்தில் புதையல் கண்டார்!

இது கற்பனை அல்ல. உண்மையில் நடந்தது. இடம்: அமெரிக்கா. ஆண்டு: 1943.

அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஜப்பான் தாக்குமோ என்ற பயத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் விளக்குகளைக் குறைத்துவிட்டார்கள். கடைவீதி மங்கியது. விளம்பர விளக்குகள் அணைந்தன.

அந்த நகரத்தை அடுத்து மவுண்ட் வில்சன் என்ற மலை இருக்கிறது. அங்கே 100 அங்குல அகலக் கண்ணாடி பொருத்திய டெலஸ்கோப் இருந்தது. அன்றைக்கு உலகிலேயே பெரிய டெலஸ்கோப் அதுதான்.

அங்கே வேலை பார்த்தவர் வால்டர் பாடே. ஜெர்மனியில் பிறந்தவர். அமெரிக்காவோ ஜெர்மனியுடன் போரிட்டுக்கொண்டிருந்தது. ஆகவே, "பகை நாட்டவர்" என்று அவருக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. மற்ற விஞ்ஞானிகள் போர் வேலைக்குப் போய்விட்டார்கள். பாடே மலையிலேயே தங்கினார். பெரிய டெலஸ்கோப்பும், இருண்ட வானமும் அவருக்கு வாய்த்தன.

புகை அல்ல, நட்சத்திரம்!

ஆண்ட்ரோமீடா என்று ஒரு நட்சத்திர மண்டலம் உண்டு. மழை விட்ட கார்த்திகை மாத முன்னிரவில், விளக்கு வெளிச்சம் இல்லாத கிராமத்தில் நின்று வடக்கே அண்ணாந்து பார்த்தால், வெறும் கண்ணுக்கே தெரியும். ஊதிவிட்ட புகைபோல மங்கலாக இருக்கும்.

அந்தப் புகை, கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம்! அதன் ஓரங்களில் தனித்தனி நட்சத்திரங்கள் இருப்பதை முன்பே போட்டோ எடுத்திருந்தார்கள். நடுப்பகுதி மட்டும் எவ்வளவு முயன்றும் வெறும் புகையாகவே தெரிந்தது.

நகரம் இருண்ட அந்த நாட்களில், பாடே மணிக்கணக்கில் டெலஸ்கோப்பை ஆண்ட்ரோமீடாவை நோக்கியே வைத்துப் போட்டோ எடுத்தார். சிவப்பு ஒளி பதியும் தகட்டைப் பயன்படுத்தினார். புகை கலைந்தது. நடுப்பகுதியில் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன!

ஓரத்தில் பளிச்சென்று தெரிந்தவை நீல நட்சத்திரங்கள், இளையவை. நடுவில் தெரிந்தவை செந்நிற நட்சத்திரங்கள், முதியவை. நட்சத்திரங்களில் இரண்டு வகை உண்டு என்று 1944-ல் பாடே அறிவித்தார்.

அதோடு முடியவில்லை. சில நட்சத்திரங்கள் விட்டு விட்டுப் பிரகாசிக்கும். அவற்றைக் கொண்டுதான் தூரத்தைக் கணக்கிடுவார்கள். அவற்றிலும் இரண்டு வகை உண்டு என்றும், இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் கணக்கு தவறிவிட்டது என்றும் பாடே கண்டுபிடித்தார். 1952-ல் அவர் இதை வெளியிட்டதும், ஆண்ட்ரோமீடாவின் தூரம் ஒரேயடியாக இரண்டு மடங்கு ஆகிவிட்டது! இன்றைய கணக்குப்படி, அங்கிருந்து ஒளி இங்கு வந்துசேர சுமார் 25 லட்சம் ஆண்டுகள் ஆகும்.

இவ்வளவுக்கும் கைகொடுத்தது என்ன? இருட்டு!

ஒளிதான் சாட்சி

நட்சத்திரத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது. அதிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வரவும் முடியாது. அங்கிருந்து நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒளிதான். அந்த ஒளியைத்தான் வானநூல் அறிஞர்கள் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறார்கள்.

முதலில், பெரிய கண்ணாடியில் ஒளியைச் சேர்க்கிறார்கள். முற்றத்தில் குவளையை வைத்தால் கொஞ்சம் மழைநீர் சேரும். அண்டாவை வைத்தால் அதிகம் சேரும். அதுபோலத்தான் இதுவும்.

பிறகு அந்த ஒளியை வானவில்போலப் பிரிக்கிறார்கள். அதில் கறுப்புக் கோடுகள் தெரியும். இரும்புக்கு ஒரு வரிசைக் கோடு; கால்சியத்துக்கு வேறு வரிசை. கைரேகையைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பதுபோல, கோட்டைக் கொண்டு நட்சத்திரத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். கோடுகள் இடம் மாறியிருந்தால், அது நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதும் தெரியும்.

நிறமும் பேசும். கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும். சூடு ஏற ஏற வெளுக்கும். நட்சத்திரமும் அப்படியே. சிவந்த திருவாதிரை, சூரியனைவிடச் சூடு குறைந்தது. நீல நட்சத்திரங்கள் மிகவும் சூடானவை.

ஒரு மணி நேரத்தில் ஓர் ஆயுள்

சூரியனின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள். மனிதன் வாழ்வதோ நூறு ஆண்டுக்குள். நட்சத்திரம் பிறப்பதையும் வளர்வதையும் மடிவதையும் எப்படிப் பார்ப்பது?

ஊர்த் திருவிழாவுக்கு ஒரு மணி நேரம் போய்வந்தால் போதும். இடுப்பில் குழந்தை, ஓடியாடும் சிறுவர், புதுமணத் தம்பதி, தடியூன்றிய தாத்தா எல்லோரையும் பார்த்துவிடலாம். மனித வாழ்க்கை எப்படிப் போகும் என்று புரிந்துவிடும்.

வானமும் ஒரு திருவிழாக் கூட்டம்தான். நட்சத்திரம் பிறக்கும் தூசி மேகங்கள் அங்கே இருக்கின்றன. கார்த்திகைக் கூட்டம்போல இளையவை இருக்கின்றன. திருவாதிரைபோல அந்திமக் காலத்தை நெருங்கியவையும் இருக்கின்றன.

சூரியனைப்போன்ற நட்சத்திரம் கடைசியில் சுருங்கி, வெண்குள்ளன் ஆகும். அப்படிப்பட்ட வெண்குள்ளன் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு எடைக்கு மேல் தாங்காது என்று கணக்கிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஜவ்வாது மலையில் ஒரு கண்

இந்த ஆராய்ச்சி தமிழ்நாட்டு மண்ணிலும் நடக்கிறது. ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர்தான் அந்த இடம்.

நகர வெளிச்சம் எட்டாத இடம் வேண்டும் என்று தேடி, காவலூரைத் தேர்ந்தெடுத்தவர் வேணு பாப்பு. சென்னையில் பிறந்த விஞ்ஞானி. கால்சியக் கோட்டின் அகலத்தை வைத்தே ஒரு நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசத்தைச் சொல்லிவிடலாம் என்று, 1957-ல் ஓலின் வில்சனுடன் சேர்ந்து உலகுக்குக் காட்டியவர்.

1968-ல் காவலூரில் ஒரு சிறிய டெலஸ்கோப்புடன் வேலை தொடங்கியது. 1986-ல் 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட பெரிய டெலஸ்கோப் வந்தது. இந்தியாவிலேயே உருவானது! மனிதக் கண்ணைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்க்கும். அதைப் பார்க்க வேணு பாப்பு உயிருடன் இல்லை, 1982-ல் காலமாகிவிட்டார். அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

1988-ல் காவலூரில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் என்ன தெரியுமா? ராமானுஜன்!

இப்படிப்பட்ட கண்ணில் புழுதி விழலாமா? தேவையில்லாத வெளிச்சம்தான் அந்தப் புழுதி.

1968-ல் இருந்ததைவிட, சுற்றியுள்ள ஊர்கள் இன்று பெரிதாகிவிட்டன. விளக்குகளும் பெருகிவிட்டன. ஊர் வளர்வது நல்லதே. ஆனால் மேலே போகும் வெளிச்சம் காற்றில் பட்டுச் சிதறி, வானத்துக்கு வெள்ளை பூசிவிடுகிறது. மங்கலான நட்சத்திரம் அதில் மறைந்துபோகிறது.

மவுண்ட் வில்சனுக்கு நேர்ந்த கதி ஒரு பாடம். போர் முடிந்தது, லாஸ் ஏஞ்சல்ஸ் மீண்டும் ஜொலித்தது. பாடே புதையல் எடுத்த அதே டெலஸ்கோப்பை 1985-ல் மூடினார்கள். நகர வெளிச்சம் அதற்கு ஒரு காரணம். பிற்காலத்தில் திறந்தார்கள் என்றாலும், அந்தப் பழைய இருட்டு திரும்பவில்லை.

விளக்கே வேண்டாமா?

"விளக்கு இல்லாவிட்டால் பெண்கள் எப்படி நடமாடுவார்கள்? பாம்பு, பூச்சிக்கு என்ன செய்வது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தெருவிளக்குக்காகப் பல ஆண்டுகள் மனுக் கொடுத்துக் காத்திருந்த கிராமங்களிடம், "விளக்கை அணையுங்கள்" என்று சொல்வது அநியாயம்.

விளக்கு வேண்டும். ஆனால் வெளிச்சம் தெருவில் விழவேண்டும். பாம்பு தரையில்தான் போகிறது, ஆகாயத்தில் போகவில்லை!

விளக்குக்கு மேலே தொப்பிபோல ஒரு மூடி போட்டால், மேலே போகும் வெளிச்சமும் கீழே வரும். தெரு இன்னும் நன்றாகத் தெரியும். சிறிய பல்பே போதும். மின்சாரச் செலவும் குறையும்.

கண்ணைக் கூசும் வெள்ளை விளக்குக்குப் பதில், மஞ்சள் சாயல் உள்ள விளக்கைப் போடலாம். வெள்ளை விளக்கில் நீல ஒளி அதிகம். நீலம்தான் காற்றில் அதிகமாகச் சிதறும். பகலில் வானம் நீலமாகத் தெரிவதும் அதனால்தான். கடை அடைத்த பிறகு பெயர்ப்பலகை விளக்கை அணைத்துவிடலாம். இதற்கெல்லாம் பெரும் பணம் தேவையில்லை.

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பிளாக்ஸ்டாப் என்ற ஊர், விளம்பரத்துக்காக வானத்தில் அடிக்கும் பெரிய விளக்குகளை 1958-லேயே தடை செய்தது. நம் நாட்டிலேயே, லடாக்கில் உள்ள ஹன்லே பகுதி 2022-ல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வானம் பார்க்க வருவோருக்கு ஊர் மக்களே வழிகாட்டுகிறார்கள். இருட்டு அவர்களுக்கு வருமானமும் தருகிறது!

ஹன்லேக்கு ஒரு நியாயம், காவலூருக்கு ஒரு நியாயமா? ஜவ்வாது மலையைச் சுற்றியுள்ள ஊராட்சிகளும், நகராட்சிகளும், மின்வாரியமும் கூடிப் பேசவேண்டும். புதிதாகப் போடும் ஒவ்வொரு தெருவிளக்குக்கும் மூடி இருக்கவேண்டும் என்று அரசாங்கம் விதி செய்யவேண்டும்.

வீட்டுக்காரர்களும் காத்திருக்கவேண்டியதில்லை. இன்று இரவே வாசல் விளக்கைத் திண்ணைப் பக்கம் திருப்பலாம். மாடி விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துப் போகலாம்.

25 லட்சம் ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளி, கடைசி நொடியில் ஒரு பெயர்ப்பலகை விளக்கிடம் தோற்றுப்போகக் கூடாது!