ஆளைக் குறைப்பதா, நேரத்தைக் குறைப்பதா?

பொருளாதார மந்தம் நேர்ந்த காலத்தில் பண்டங்களை வாங்குவோர் குறைவர். அவர் குறையவே தொழிற்சாலைகளில் வேலையும் குறையும். இது எந்நாட்டிலும் நிகழ்வதே. ஆயின், எஞ்சிய வேலையை எவ்வாறு பங்கிடுவது என்பது மனிதர் தீர்மானிக்கும் காரியமாகும். நூறு பேர் செய்த வேலைக்கு எண்பது பேரே போதும் என்ற நிலை வருமிடத்து, இருபது பேரை வீட்டுக்கு அனுப்பலாம். அன்றி, நூறு பேரும் ஐந்திலொரு பங்கு நேரம் குறைத்து உழைக்கலாம். இவ்விரண்டினுள் எது தக்கது?

வினா புதியதன்று. உலகப் பெருமந்தம் தொடங்கியிருந்த 1930ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கெலொக் தானிய உணவுத் தொழிற்சாலை, எட்டு மணி நேர வேலைமுறைகள் மூன்றை ஆறு மணி நேர வேலைமுறைகள் நான்காக மாற்றிற்று. மணிக்கூலி உயர்ந்தது, நாட்கூலி சிறிது குறைந்தது, புதிதாகப் பலருக்கு வேலை கிட்டிற்று.

2009ஆம் ஆண்டு மந்தத்தில் இரு நாடுகள் இரு வழியிற் சென்றன. ஜேர்மனியின் உற்பத்தி 5 வீதத்துக்கு மேல் வீழ்ந்தது. எனினும், தொழிலின்மை 8 வீதத்தை ஒட்டியே நின்றது. இதற்குத் துணைநின்றவற்றுள் குறுநேர வேலைத் திட்டம் முக்கியமானது. வேலைநேரம் குறைக்கப்பட்டோர் இழந்த நிகர வேதனத்தில் 60 வீதத்தை, பிள்ளைகள் உள்ளோராயின் 67 வீதத்தை, தொழிலின்மைக் காப்புறுதி நிதி ஈடுசெய்தது. அவ்வாண்டில் ஒரு கட்டத்தில் ஏறக்குறைய 14 இலட்சம் பேர் இத்திட்டத்தில் இருந்தனர். அமெரிக்காவிலோ உற்பத்தியின் வீழ்ச்சி அதனிற் பாதியளவே. ஆயினும், 2007இன் இறுதியில் 5 வீதமாயிருந்த தொழிலின்மை 2009 ஒக்டோபரில் 10 வீதமாயிற்று.

குறுநேர வேலைக்கும் குறைபாடு உண்டு. நலிந்தொழிய வேண்டிய தொழிலிலே ஆட்களை அது கட்டிவைத்தல் கூடும். ஜேர்மனியிலும் தற்காலிகத் தொழிலாளர் முதலிலேயே வெளியேற்றப்பட்டனர். ஆயினும், பழகிய கைகளைக் கலைத்துவிட்ட தொழிற்சாலை, நல்ல காலம் திரும்பும்போது அவற்றை எளிதிற் பெறுவதில்லை. வேலையிழந்தோனும் நாளடைவில் தன் தொழில் நுணுக்கத்தை இழக்கின்றான்.

2022இல் இலங்கையின் பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேற் சுருங்கியபோது, இழந்த நேரத்துக்கு ஈடுசெய்யும் அத்தகைய நிதி இங்கு இருக்கவில்லை. நாட்கூலிக்காரனுக்கு அரைநாள் வேலை போயின், அன்று உலையில் இடும் அரிசியும் பாதியாகும். நேரத்தைப் பகிர்வது நன்றே. அதனால் வரும் இழப்பையும் பகிர்ந்தாலன்றி அது வறுமையைப் பகிர்வதாகவே முடியும். மந்தம் வந்தபின் அதற்கு நிதி தேடுதல் அரிது. நல்ல காலத்திலேயே முதலாளியும் தொழிலாளியும் அரசும் சிறிது சிறிதாகச் சேர்த்துவைத்தல் வேண்டும்.