நோட்டில் இருக்கு, ரேக்கில் இல்லை

சங்கரன்கோவிலில் பல தெருக்களில் விசைத்தறிச் சத்தம் ஓயாது. போன மாதம் சித்தப்பாவின் தறிக்கூடத்துக்குப் போனபோது 12 தறியும் நின்றிருந்தன.

"கரன்ட் இல்லையா சித்தப்பா?"

"கரன்ட் இருக்குல்லா. ஊடை நூல்தான் இல்ல. நோட்டுல 15 கிலோ காட்டுது, ரேக்குல ஒரு கோன்கூடக் கிடையாது."

முன்பெல்லாம் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கியிருப்பார். பணம் முடங்குகிறதென்று, ஒரு மாதமாகத்தான் இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் வரவழைக்கிறார். இந்த முறையை டொயோட்டாவில் வளர்த்தெடுத்தவர் தாயிச்சி ஓனோ. அங்கே பெட்டியோடு 'கான்பான்' என்ற அட்டையும் போகும். அட்டை இல்லாமல் பெட்டி நகராது. கையிருப்பு குறைவு என்பதால் சின்னக் குறைகூட ஆலையையே நிறுத்திவிடும். 1997 பிப்ரவரி 1 அன்று ஐசின் நிறுவனத்தின் ஆலை எரிந்தது. பிரேக்குக்கான சிறு வால்வு வராமல், ஜப்பானில் டொயோட்டா ஆலைகள் சில நாள் முடங்கின. அங்கே தீ. சித்தப்பாவுக்கு நோட்டு.

சரி, 15 கிலோ எங்கே போனது? உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். சேலைக்கு 250 கிராம் ஊடை என்று, நெய்த சேலையை எண்ணி ராத்திரி நோட்டில் கழிப்பார். அறுந்த நூல், தாரின் அடியில் மிஞ்சும் நூல் எதுவும் அதில் வராது. கழிவுச் சாக்கை நிறுத்துப் பார்த்ததில் சேலைக்கு 8 கிராம். நாளைக்கு 60 சேலை, 25 நாள்: 12 கிலோ!

மிச்சம் 3 கிலோ? தார் சுற்றும் அக்காதான் சொன்னார்: "பக்கத்துக் கூடத்துக்கு ரெண்டு கோன் கைமாத்தாக் கொடுத்தோமே அண்ணாச்சி." ஒன்றரைக் கிலோ கோன் இரண்டு. கொடுத்தபோது யாரும் எழுதவில்லை.

மூட்டை மூட்டையாக இருந்த காலத்திலும் இந்தப் பிழை இருந்திருக்கும். அடுத்த மூட்டையைப் பிரித்துவிடுவார்கள், தெரியாது. நம் வீட்டில் மாதச் சாமான் வாங்கினால் துவரம்பருப்பு தீர்ந்தது லேசில் தெரிகிறதா என்ன?

நோட்டில் 15-ஐ அடித்து 0 என்று எழுதப் போனார். காரணம் தெரியாமல் திருத்தியிருந்தால் அடுத்த மாதமும் தறி நின்றிருக்கும். இப்போது சேலைக்கு 258 கிராம் என்று கழிக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எண்ணுவதை விட்டு, தினம் காலையில் இரண்டு நிறத்தை மட்டும் எண்ணி நோட்டோடு ஒத்துப் பார்க்கிறார். கோனை எடுப்பவரே எடுத்த உடனே எழுத வேண்டும். அதற்காக ரேக்கிலேயே பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.

நேற்று போனில் கேட்டேன். மெரூனில் 400 கிராம் இடிக்கிறதாம். தேடிக்கொண்டிருக்கிறார்.