துருவேறிய திருகும் பொறுமையும்



2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை விழுப்புரம் மாவட்ட மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரிகள் நிரம்பி வழிந்தன. வயல்களும் தெருக்களும் நீரில் மூழ்கின. வாயிலில் நின்ற வண்டிகளும் சக்கரம் மறைய நீருக்குள் நின்றன. பின்னர் வெள்ளம் வடிந்தது. மக்கள் சேற்றைக் கழுவினார்கள். வண்டிகளின் இயந்திரத்தைப் பழுது பார்த்து மீண்டும் ஓட்டினார்கள். ஆனால் சக்கரத்தின் உட்புறத்தில், யாருடைய கண்ணிலும் படாத ஓரிடத்தில், அவ்வெள்ளம் தன் வேலையை அப்போதுதான் தொடங்கியிருந்தது. அதனைப் பற்றியே இம்மாதம் பேச விரும்புகிறேன்.

திண்டிவனத்தின் ஓரத்தில் வாழும் ஒரு குடும்பத்தாரிடம் பழைய வேன் ஒன்று உண்டு. அதுவும் இரண்டு நாள் வெள்ளத்தில் நின்ற வண்டியே. மாதங்கள் பல கடந்தபின், பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் வண்டி இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. சிறிது தூரம் ஓடி நின்றால், முன்பக்கத்துச் சக்கரங்களுள் ஒன்று மட்டும் கை வைக்க முடியாதபடி சுட்டது. கருகிய வாடையும் வீசியது. அந்தச் சனிக்கிழமை வில்லியனூர் மாதா கோவிலுக்குச் செல்வதாக வீட்டுத் தாயார் நேர்ச்சை செய்திருந்தார். ஆதலின் குடும்பத் தலைவர் வெள்ளிக்கிழமை காலையிலேயே அருகிலிருந்த ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டு சென்றார்.

பட்டறையில் வேலை செய்த இளைஞன் நல்லவன், ஆனால் அவசரக்காரன். பிரேக் காலிப்பரைப் பிடித்திருக்கும் திருகுகளுள் ஒன்று அசையவில்லை. ஸ்பானரில் நீண்ட இரும்புக் குழாயைச் செருகி முழு பலத்தோடு இழுத்தான். திருகின் தலை முனை மழுங்கிற்றேயன்றித் திருகு கழலவில்லை. மாலையானதும், மற்றச் சக்கரத்தில் மட்டும் புதிய பேடுகளைப் போட்டுவிட்டு, "மெதுவாக ஓட்டினால் போதும் சார், ஒன்றும் ஆகாது" என்று அனுப்பிவிட்டான்.

அன்றிரவு, விழுப்புரத்திலிருக்கும் தம் மைத்துனரிடம் இதனைத் தொலைபேசியில் சொன்னார் குடும்பத் தலைவர். மறுநாள் விடியற்காலை முதல் பேருந்தில், தோளில் ஒரு பையோடு முதிய மெக்கானிக் ஒருவர் வந்து இறங்கினார். நாற்பது கிலோமீட்டர் தொலைவு வந்தவர், தேநீர்கூட அருந்தாமல் சக்கரத்தருகே குனிந்து பார்த்தார்.

"அண்ணே, பத்து மணிக்குப் புறப்படவேண்டும். முடிந்துவிடுமா?"

"தம்பி, வண்டி மட்டும் போய்ச் சேர்ந்தால் போதுமா, அதில் உட்கார்ந்திருப்பவர்களும் போய்ச் சேரவேண்டுமா?"

இந்தக் கேள்விக்கு அவரால் மறுமொழி கூற இயலவில்லை.

நேயர்களே, பெரியவர் ஏன் அவ்வாறு கேட்டார் என்பதை அறிய, டிஸ்க் பிரேக் இயங்கும் முறையைச் சற்று அறிந்துகொள்வது நலம். சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுழல்கிறது. அதுவே டிஸ்க். அதனை இருபுறமும் கவ்வும் கைபோல அமைந்தது காலிப்பர். நாம் மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ள, இரு பேடுகளும் தட்டைப் பற்றி நிறுத்துகின்றன. பெரும்பாலான சிறு வண்டிகளில் இந்தக் காலிப்பர் இரண்டு பின்களின் மேல் முன்னும் பின்னும் நழுவவேண்டும். பின் துருப்பிடித்தால் காலிப்பர் நழுவாது. ஒரு பேடு மட்டும் அழுத்தும். அல்லது அழுத்தியது விடாமலே உரசும். வண்டி ஒருபக்கம் இழுப்பதும், சக்கரம் சுடுவதும், ஒரு பேடு மட்டும் விரைவில் தேய்வதும் இதன் அடையாளங்கள்.

இனித் துருவின் இயல்பைக் காண்போம். இரும்பும் நீரும் காற்றும் கூடினால் துரு உண்டாகிறது. அந்தத் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைக்கும். திருகின் மரைகளுக்கிடையே உள்ள மயிரிழை இடைவெளியில் அது வளர்ந்து ஆப்புப்போல் இறுகிவிடுகிறது. மரக்காணத்து உப்பளங்களின் பக்கமாக ஓடும் வண்டிகளை உடையவர்கள் இதனை நன்கறிவார்கள். உப்புக்காற்று துருவின் வேலையை விரைவுபடுத்துகிறது. இவ்வாறு இறுகிய திருகை வெறும் பலத்தால் இழுத்தால், மரை கழல்வதற்கு முன் திருகே முறிந்துபோகும்.

ஆகவே பெரியவர் பலத்தை நாடவில்லை. சமதரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தார். ஜாக்கியால் தூக்கியபின், ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான இரும்புத் தாங்கியில் வண்டியை இருத்தினார். செங்கல்லை அடுக்கி வைப்பவர்களைக் கண்டால் தமக்குக் கோபம் வரும் என்றார். பாரம் தாங்காமல் செங்கல் திடீரென நொறுங்கும். அடியில் கையோ தலையோ இருந்தால் என்னவாகும்!

சக்கரத்தைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் திருகின் தலையையும், மறுபுறம் தெரியும் மரை முனையையும் தேய்த்துத் துப்புரவாக்கினார். துரு இளக்கும் எண்ணெயைத் திருகின் இரு முனைகளிலும் இட்டு, தலையில் சுத்தியலால் அளவாகத் தட்டினார். அந்த அதிர்ச்சியில் துருவில் நுண்ணிய வெடிப்புகள் உண்டாகி எண்ணெய் உள்ளே இறங்கும். டிஸ்க்கிலும் பேடிலும் எண்ணெய் படாதபடி பழந்துணியால் மூடியிருந்தார். பின்பு எழுந்து கை கழுவிக்கொண்டு, "இனி நாளைக் காலை பார்ப்போம்" என்றார்.

தாயார் முணுமுணுத்தார், பிள்ளைகள் முகம் வாடினார்கள். எனினும் குடும்பத் தலைவர் உறுதியாக இருந்தார். வில்லியனூர்ப் பயணம் அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பெரியவர் அன்று அவ்வீட்டிலேயே தங்கினார். மாலையிலும் இரவிலும் இருமுறை எண்ணெயிட்டுத் தட்டினார்.

மறுநாள் குடும்பத்தார் காலைத் திருப்பலி முடிந்து வந்தபின் வேலை தொடர்ந்தது. வாய் திறந்த ஸ்பானரைப் பெரியவர் தொடவில்லை. ஆறு முகமுள்ள பாக்ஸ் ஸ்பானரையே எடுத்தார். பன்னிரு முனை ஸ்பானர் மூலைகளை மட்டும் பற்றும். ஆறு முக ஸ்பானரோ திருகின் பக்கங்களைத் தழுவிப் பிடிக்கும். முனை மழுங்கிய திருகின்மேல் அதனைச் சுத்தியலால் தட்டி இறுக்கமாகப் பொருத்தினார்.

அடுத்து அவர் சொன்ன செய்தி மிகவும் பயனுள்ளது. இத்திருகுகளின் தலை வண்டியின் உட்புறத்தை நோக்கியிருக்கும். வெளியே நின்று கையை உள்ளே விட்டு வேலை செய்கையில் திசை தடுமாறி, கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கிவிடுவோர் பலர். திருகின் தலைக்கு நேரே முகம் வைத்து நோக்குவதாக மனத்தில் எண்ணிக்கொண்டு, கடிகார முள் செல்லும் திசைக்கு எதிராகத் திருப்பவேண்டும்.

முதலில் அவர் திருகைக் கழற்ற முயலவில்லை. மயிரிழை அளவு இறுக்கினார்! துருவின் பிடி முதலில் தளர்வது அவ்வாறுதான். 'டிக்' என்றொரு ஓசை கேட்டது. பின்பு கால் சுற்று கழற்றினார், மீண்டும் சிறிது இறுக்கினார், எண்ணெய் விட்டார், மறுபடி கழற்றினார். இவ்வாறு முன்னும் பின்னுமாக ஏறத்தாழ அரைமணி நேரம். முடிவில் திருகு முழுவதாக வெளிவந்தது.

அவ்வாறும் வராத திருகு உண்டு. அதற்குச் சூடு காட்டுவது வழக்கம். ஆனால் அருகிலேயே ரப்பர் உறைகளும், பிரேக் ஆயில் செல்லும் குழாயும் உள்ளன. பிரேக் ஆயில் தீப்பற்றக்கூடியது. ஸ்பிரே தெளித்த இடத்தில் சூடு காட்டினால் நச்சுப்புகையும் எழலாம். ஆகவே வீட்டில் எவரும் இதனைச் செய்தல் ஆகாது. பட்டறையில் உரிய காப்போடு செய்யவேண்டிய வேலை இது. சூடேறிய திருகில் மெழுகுவர்த்தியைத் தொட்டு, உருகும் மெழுகை மரைக்குள் இறங்கவிடுவதும் ஒரு பழைய உத்தியே. "மந்திரித்த மெழுகுவர்த்தி வேண்டாம் அம்மா, கரண்ட் போனால் ஏற்றுகிறோமே, அதுவே போதும்" என்று பெரியவர் கூறத் தாயாரும் சிரித்துவிட்டார்.

தலை முறிந்துபோன திருகையும் மீட்கலாம். எஞ்சிய முனைமேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருப்புவார்கள்; அல்லது நடுவில் துளையிட்டு வெளியே எடுப்பார்கள். மரை கெட்டிருந்தால் லேத் பட்டறையில் சீர்செய்யலாம். இதற்குச் செலவு ஆகும்; நாளும் ஆகும். ஆயினும் ஒரு திருகோடு மட்டும் காலிப்பரை மாட்டி ஓட்டுவது உயிரோடு விளையாடுவதேயாகும்.

கழற்றியபின் செய்யவேண்டியவையும் சில. காலிப்பரை அதன் ரப்பர்க் குழாயில் தொங்கவிடலாகாது. கம்பியால் கட்டித் தாங்கவேண்டும். பழைய திருகு நன்றாகத் தோன்றினாலும் புதியதையே போடவேண்டும். நழுவும் பின்களுக்குப் பிரேக்குக்கென உள்ள சிலிக்கோன் கிரீஸையே தடவவேண்டும். சாதாரணக் கிரீஸ் ரப்பரை உப்பச் செய்யும். வண்டியின் கையேட்டில் கண்ட அளவுக்கு முறுக்கவேண்டும். பேடுகளை இருபுறச் சக்கரங்களிலும் ஒருசேர மாற்றவேண்டும். வழக்கமான பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆதலின் வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு அதனையும் மாற்றுவது நலம். யாவும் முடிந்தபின், வண்டியை நகர்த்துமுன் மிதி கெட்டியாகும்வரை பலமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். இதனை மறந்தவர்களுக்கு முதல் அழுத்தத்தில் பிரேக்கே கிடைப்பதில்லை.

புறப்படுமுன் பெரியவர் அந்தப் பழைய திருகைக் குடும்பத் தலைவரின் கையில் வைத்தார். "அந்தப் பையன்மேல் கோபம் வேண்டாம் தம்பி. திருகு கழலாதது அவன் குற்றமன்று. கழலவில்லை என்று உங்களிடம் உண்மையைச் சொல்லாததுதான் குற்றம்" என்றார்.

பூச்சியும் துருவும் அழிக்கும் செல்வத்தைக் குறித்து நம் ஆண்டவர் மலைப்பொழிவில் எச்சரித்தார். துரு இரும்பை மட்டுமா தின்கிறது? பேசாது விட்ட ஒரு சொல், கேட்காது விட்ட ஒரு மன்னிப்பு, உடன்பிறந்தாரிடையே ஆண்டுக்கணக்கில் இறுகிப்போகிறது. ஒருநாள் திடீரென நினைத்துக்கொண்டு பலங்கொண்டமட்டும் திருப்பினால் முறிவுதான் மிஞ்சும். சிறிது எண்ணெய், சிறிது காலம், ஒரு படி விட்டுக்கொடுத்துப் பின் ஒரு படி முன்னேறும் பணிவு: இவையே அங்கும் வேண்டியவை.

அடுத்த சனிக்கிழமை அவ்வீட்டார் அனைவரும் அதே வண்டியில் வில்லியனூர் சென்று, மாதாவின் பாதத்தில் தாயாரின் நேர்ச்சையை நிறைவேற்றித் திரும்பினார்கள். உங்கள் வீட்டு வண்டியும் அந்த வெள்ளத்தில் நின்றிருந்தால், அடுத்த பயணத்திற்கு முன் அதன் சக்கரங்களை ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.