தலைக்காயத்துக்கு ஏன் சான்றிதழ் இல்லை?



எங்கள் செந்துறை வட்டாரச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் இரவு பகல் பாராமல் ஓடுகின்றன. பால் கேனையும் பள்ளிப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு நாங்கள் இருசக்கர வண்டியில் போவதும் அதே சாலையில்தான். விபத்தில் செத்தவர்களைப் பற்றிச் செய்தி வருகிறது. தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அவர்களுக்கு நடக்கும் அநியாயத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் அத்தை மகன் நல்ல கொத்தனார். வேலை முடிந்து வரும்போது பின்னால் வந்த லாரி இடித்துத் தூக்கி எறிந்தது. 108 வந்தது, திருச்சிக்குக் கொண்டுபோனோம், பிழைத்தார். 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டதிலிருந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. அதை மனதாரப் பாராட்டுகிறேன். கேள்வி 49-வது மணி நேரத்தைப் பற்றியது.

வீட்டுக்கு வந்தவர் நடந்தார், சாப்பிட்டார், ஆட்களை அடையாளம் சொன்னார். 'உயிர் பிழைத்ததே பெரிசு' என்று நாங்களும் இருந்துவிட்டோம். வேலைக்குப் போனபோதுதான் தெரிந்தது. ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே ரசமட்டம் எங்கே என்று தேடுகிறார். கலவைக்கு எத்தனை சட்டி மணல் போட்டோம் என்பது மறந்துவிடுகிறது. பிள்ளை கதவைச் சாத்தினால் கை நடுங்கக் கத்துகிறார். சற்று நேரத்தில் கத்தியதே நினைவில்லாமல் சோறு கேட்கிறார். மேஸ்திரி இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனி வரவேண்டாம் என்றுவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. சாரத்தின் மேல் நிற்கும் ஆளுக்கு மறதி வந்தால் உயிருக்கே ஆபத்து.

இதற்கெல்லாம் காரணம் உண்டு. கோபத்தை அடக்குவதும், அடுத்து என்ன செய்வதென்று திட்டமிடுவதும் மூளையின் முன்பகுதி. தலை மோதும்போது பெரும்பாலும் அடிபடுவது அதுவும் நினைவாற்றலுக்கான பக்கப்பகுதியும்தான். மோதிய வேகத்தில் உள்ளே நரம்பிழைகள் இழுபட்டு அறுந்திருந்தால் சாதாரண சிடி ஸ்கேனில் தெரியாமலே போகலாம். மருத்துவமனையில் போடும் கிளாஸ்கோ மதிப்பெண், கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கைகால் அசைக்கிறாரா என்பதை மட்டுமே அளக்கிறது. 15-க்கு 15 வாங்கி வெளியே வந்தவர் மறுபடி கொத்தனார் வேலை பார்க்க முடியுமா என்பதை அது சொல்லாது.

ஊனச் சான்றிதழுக்குப் போனால், 'கைகால் நன்றாகத்தானே இருக்கிறது, மனநோய் என்று மனுப் போடுங்கள்' என்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களை அடுக்குகிறது. பார்க்கின்சன் இருக்கிறது, தலசீமியா இருக்கிறது. விபத்தால் வரும் மூளைக்காயம் தனி வகையாக இல்லை. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஊனச் சட்டத்தில் 1990-லேயே அதைத் தனி வகையாகச் சேர்த்துவிட்டார்கள். ஹெல்மெட் போடாத தலைகள் இத்தனை கோடி ஓடும் நம் நாட்டில் இதற்கு ஏன் இடமில்லை?

சான்றிதழ் இல்லாததால் இழப்பீட்டு வழக்கும் நொண்டுகிறது. 'நடக்கிறார், பேசுகிறார், இவருக்கென்ன ஊனம்?' என்று காப்பீட்டுத் தரப்பு வக்கீல் கேட்கிறார். ஊனம் எத்தனை சதவீதம் என்பதும் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதும் ஒன்றல்ல, தொழிலைப் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே தீர்ப்பளித்துவிட்டது. 2007-ல் டிராக்டரில் போகும்போது லாரி மோதி மூளை சிதைந்த 12 வயதுச் சிறுமிக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் 11 லட்சம் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 2020-ல் அதை 62 லட்சத்துக்கு மேல் உயர்த்தியது. காலமெல்லாம் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்தது. நீதி கிடைக்கத்தான் செய்கிறது. அதற்காகப் பெற்றவர்கள் 12 ஆண்டுகளுக்கு மேல் அலைந்தார்கள்.

எங்களுக்கு முதல் படியே தெரியவில்லை. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்தில் போலீஸ் முதல் அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 10 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்கு அவருடைய உரிமைகளைச் சொல்லும் படிவத்தைக் கையில் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு தாள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வந்தவர் ஒரு தரகர். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டார். 'லாரிக்காரரோடு பேசி முடித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லவும் ஊரில் ஆள் இருந்தது.

அதே ஏப்ரலில்தான், 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்ற கெடுவும் வந்தது. மூளைக்காயத்தின் பாதிப்பு முழுதாகத் தெரியவே அதற்கு மேல் ஆகும். அந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. காலம் கடந்தது என்பதற்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்திருக்கிறது. இடைக்கால உத்தரவை நம்பி ஒரு குடும்பம் எத்தனை நாள் இருக்க முடியும்? அந்தக் கெடுவை நாடாளுமன்றமே நீக்க வேண்டும்.

2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. தலைக்காயத்தோடு பிழைத்தவர்களை மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் கூப்பிட்டு, நினைவாற்றலையும் நடத்தையையும் சோதித்து எழுதிக்கொடுக்க அங்கே வாரம் ஒருநாள் ஒதுக்கட்டும். அந்தச் சோதனையை ஊனச் சான்றிதழுக்கு ஏற்க மாநில அரசு மத்திய அரசை வற்புறுத்தட்டும். உரிமைப் படிவத்தைத் தமிழில் அச்சிட்டுக் குடும்பத்தாரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்காத விபத்து வழக்கு எதையும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஏற்கக் கூடாது.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் தலையில் அடிபட்டுப் பிழைத்து, 'முன்னைப்போல் இல்லை' என்று பேர் வாங்கியவர் இருந்தால் அவர் குடும்பத்திடம் பேசுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன், முதல் தகவல் அறிக்கையின் நகல், விபத்துக்கு முன் வாங்கிய கூலிக்கான ஆதாரம், இவற்றைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். தரகரிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகட்டும். பெண்களுக்கும், பட்டியல் இனத்தாருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே வக்கீல் இலவசம். தொலைபேசி எண் 15100.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
செந்துறை, அரியலூர் மாவட்டம்.