வடம் பிடிப்பவர்களின் பாதங்கள்



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் கோப்பில் சேர்க்க மனம் வராமல் மேசைமேலேயே வைத்திருக்கிறேன். எழுதியிருப்பவள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அறிவியல் புத்தகத்தில் முதல் பாடமே இயக்க விதிகள். மூன்று விதிகளையும் பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிட்டாளாம். ஆனாலும் ஒரு சந்தேகம்: “நாம் தேரை இழுக்கும் அதே அளவு விசையோடு தேரும் நம்மை இழுக்கிறது என்றால், தேர் எப்படித்தான் நகர்கிறது?”

வடத்தில் ஒருமுறையாவது கைவைத்தவருக்கே இப்படிக் கேட்கத் தோன்றும்.

திருவாரூர் ஆழித்தேரையே எடுத்துக்கொள்வோம். அலங்காரம் முடிந்து நிற்கையில் 96 அடி உயரம். எடை ஏறக்குறைய 300 டன். ஆளுக்கு 60 கிலோ என்று வைத்தால் 5,000 பேரின் எடை. தேர் நிற்கும் இடத்துக்கு நிலை என்று பெயர். இருக்கிறபடியே இருக்க முயலும் பொருளின் இயல்பைப் பாடநூல் நிலைமம் என்கிறது. அந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தேரடிதான் கண்ணில் நிற்கும்.

முதல் அசைவுதான் பெரும்பாடு. சக்கரம் தரையில் அழுந்திக் கிடக்கும். நூறு பேர் இப்போதும் நூறு பேர் சற்றுப் பின்னாலும் இழுத்தால் பயனில்லை. எல்லார் கைவலுவும் ஒரே கணத்தில் சேர்ந்தால்தான் அந்தப் பிடி விடும். ஊரே ஒரே குரலில் முழங்கி இழுப்பதில் பக்தியோடு இந்தக் கணக்கும் இருக்கிறது. சிறிய சப்பரம் என்றால் நாலு பையன்களே இழுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். நிறை கூடக் கூட, அதே வேகமாற்றத்துக்கு அதிக விசை வேண்டும் என்கிற இரண்டாம் விதி அதுதான்.

உருளத் தொடங்கிய பிறகு கவலை வேறு. அவ்வளவு எடை நேராகவே போகப் பார்க்கும். நினைத்த இடத்தில் நிற்காது, வீதி முனையில் தானாகத் திரும்பாது. சக்கரத்தை ஒட்டி நடந்தபடியே முட்டுக்கட்டை போடுகிறவர்களை நான் மிகுந்த மரியாதையோடு பார்ப்பேன். கட்டையை எந்தக் கணத்தில், எந்தச் சாய்வில் கொடுப்பது என்பது அவர்கள் கைக்குத் தெரியும். திருப்பத்தில் சக்கரத்தின் அடியில் இரும்புத் தகடு போட்டு மசகு தடவுவார்கள். உராய்வு குறைந்தால்தான் தேர் பக்கவாட்டில் நழுவித் திசை மாறும்.

இனி உன் கேள்வி, மகளே. 1687-இல் வெளிவந்த ‘பிரின்சிபியா’ நூலில், மூன்றாம் விதியை விளக்க நியூட்டன் காட்டிய உதாரணங்களில் ஒன்று, கயிறு கட்டிக் கல்லை இழுக்கும் குதிரை. கல்லும் குதிரையைப் பின்னுக்கு இழுக்கிறது. ஆனால் அந்த இரண்டு விசைகளும் ஒரே பொருளின்மேல் விழவில்லை. ஒன்று கல்லின்மேல், மற்றது குதிரையின்மேல். அதனால் ஒன்றை ஒன்று அழிப்பதில்லை. தேர் நகருமா என்று பார்க்கத் தேரின்மேல் விழுவதை மட்டும் கணக்கிடு: முன்னே வடத்தின் இழுப்பு, பின்னே சக்கரத்தைப் பிடிக்கும் தடை. இழுப்பு மிஞ்சினால் தேர் கிளம்பும்.

அப்படியானால் இழுப்பவர் ஏன் தேரை நோக்கிச் சரியவில்லை? அவர் பாதம் தரையைப் பின்னால் தள்ளுகிறது. தரை அவரை முன்னால் தள்ளுகிறது. வெறுங்காலின் பிடிமானம் இல்லாவிட்டால் எத்தனை பேர் சேர்ந்தும் தேர் அசையாது.

பள்ளியில் கயிறு இழுக்கும் போட்டி வைத்துப் பாருங்கள். வழவழப்பான தரையில் பலசாலியான அணிக்குக் காலுறை மாட்டிவிடுங்கள், எதிரணி வெறுங்காலோடு நிற்கட்டும். விழுபவரைப் பிடிக்கப் பக்கத்தில் ஆள் இருக்கட்டும். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். அவள் கடிதத்துக்குப் பக்கத்தில் மேசையில் இடம் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்