ஒரு மீட்டர் அலை என்பது அரைச் செய்தி

ஹப்சிகுடாவிலிருந்து மிக அருகிலுள்ள கடற்கரைக்குச் செல்வதானால் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பயணிக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் மேலே, தக்காணப் பாறையின்மீது அமர்ந்திருக்கும் நகரம் இது. ஆயினும் இந்தியக் கரைகளுக்கான அலை முன்னறிவிப்பு இந்நகரில்தான் உருவாகிறது. நகரின் வடமேற்கு விளிம்பில், பிரகதி நகரில், 1999-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகளுக்கான தேசிய மையம் (இன்காய்ஸ்) அப்பணியைச் செய்துவருகிறது. நான் பணிபுரியும் ஆய்வுக்கூடம் நகரின் இந்தப் பக்கத்தில், ஹப்சிகுடாவில் உள்ளது. என் ஆய்வுப் பொருள் பாறை, அலை அன்று. எனினும் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளத்தில் பிறந்தவன் என்பதால், காலையில் மெட்ரோ நிலையத்துக்கு நடக்கும்போதே அன்றைய அலை நிலவரத்தைப் பார்த்துவிடும் பழக்கம் எனக்கு உண்டு.

என் தம்பி கோவளத்தில் அலைச்சறுக்குக் கற்றுக்கொடுக்கிறான். சித்தப்பா இன்றும் கடலுக்குப் போகிறார். ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் தம்பி தொலைபேசியில் அழைத்தான். “அண்ணா, அலை ஒரு மீட்டர்தான் காட்டுது. ஆனா பதினஞ்சு செகண்டு. புதுசா கத்துக்க வந்தவங்கள இன்னிக்குத் தண்ணியில எறக்கல. காசத் திருப்பிக் குடுத்துட்டேன்.” வந்தவர்கள் சினந்துகொண்டார்களாம். ஒரு மீட்டர் என்பது இடுப்பளவுதானே, இதற்கா சென்னையிலிருந்து விடியலில் புறப்பட்டு வந்தோம் என்று கேட்டார்களாம். அருகில் வலை பிரித்துக்கொண்டிருந்த சித்தப்பா கைப்பேசியைப் பார்ப்பவர் அல்லர். அவர் சொன்னது இவ்வளவுதான்: “ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல ரொம்ப நேரம் எடுக்குது. வெளிய எங்கியோ பெருசா அடிச்சிருக்கு.”

ஒருவன் திரையில் கண்டதையும் மற்றவர் கரையில் நின்று கண்டதையும் பிரிப்பதற்கு ஒன்றுமில்லை. இருவரும் படித்தது அலையின் உயரத்தை அன்று, அலைவுக் காலத்தை. வந்த விருந்தினர்கள் படித்தது உயரத்தை மட்டும். நம் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் மக்களிடம் கொண்டுசேர்ப்பதும் பெரும்பாலும் அந்த ஓர் எண்ணைத்தான். அது அரைச் செய்தி என்பதும், மறுபாதியைக் கரைக்குக் கொண்டுசேர்ப்பது ஆய்வாளர்களாகிய நம் கடமையின் ஒரு பகுதி என்பதுமே இப்பதிவின் வாதம்.

முதலில் அந்த உயரம் எத்தகையது என்று காண்போம். முன்னறிவிப்பில் வரும் ‘குறிப்பிடத்தக்க அலை உயரம்’ என்பது எழும் அலைகளுள் மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரி. ஆயிரம் அலைகளுக்கு ஒன்று அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு உயர்ந்து வரும். பத்து நொடிக்கு ஓர் அலை என்று கொண்டால், மூன்று மணி நேரத்துக்குள் அந்த ஓர் அலை வந்துவிடும். ஆகவே ‘ஒரு மீட்டர்’ என்று படிப்பவர் இரண்டு மீட்டருக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

அடுத்தது அலைவுக் காலம். ஒரே ஒரு மீட்டர் உயரமுள்ள இரண்டு அலைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் அலைவுக் காலம் 5 நொடி. அது அருகிலுள்ள காற்று எழுப்பியது. மற்றொன்றின் அலைவுக் காலம் 15 நொடி. அது தொலைதூரப் புயலொன்றில் பிறந்து, தன்னைப் பெற்ற காற்றை விட்டு நெடுந்தொலைவு வந்தது. ஆழ்கடலில் முதல் அலையின் நீளம் ஏறத்தாழ 40 மீட்டர். இரண்டாவதன் நீளம் 350 மீட்டர். கரை நோக்கி இரண்டாவது அலை சுமந்துவரும் ஆற்றல் முதலாவதைப்போல் மூன்று மடங்கு. ஒரே சரிவுள்ள மணற்கரையில் அது ஓடியேறும் உயரமும் ஏறத்தாழ மூன்று மடங்கு. முதலாவது 20 மீட்டர் ஆழத்தில்தான் கடலடியை உணரத் தொடங்கும்; இரண்டாவது 175 மீட்டர் ஆழத்திலேயே உணர்ந்து, கரையை நெருங்க நெருங்க நிமிர்ந்து எழும். இவ்விரண்டும் நம் செய்திகளில் ஒரே எண்ணாக, ‘ஒரு மீட்டர்’ என்றே வந்து நிற்கின்றன.

இவ்வகை நெடுந்தொலைவு அலைகள் கூட்டம் கூட்டமாக வருபவை. ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பல நிமிடங்கள் கடல் குளம்போல் கிடக்கும். அந்த இடைவெளியில் கரைக்கு வருபவர், கடல் இன்று அமைதியாக உள்ளது என்று உறுதியாக நம்புவார். காற்று இராது, மழை இராது, வானம் தெளிந்திருக்கும். அலைகளைப் பெற்ற புயலோ இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடித்து ஓய்ந்திருக்கும். பதினைந்து நொடி அலைக்கூட்டம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் நகரும்; குமரி முனையை எட்ட அதற்கு ஆறு நாட்கள் ஆகும். சொல்லாமல் வரும் இக்கடலுக்குக் கேரள மீனவர் ‘கள்ளக்கடல்’ என்று பெயரிட்டிருந்தனர். 2012-இல் யுனெஸ்கோ அச்சொல்லையே அறிவியல் வழக்குக்கு ஏற்றுக்கொண்டது. ஆறு நாள் பயணம் என்பது முன்னறிவிப்பாளருக்குக் கிடைக்கும் ஆறு நாள் அவகாசமும்கூட. புயலை மணிக்கணக்கில் துரத்த வேண்டியிருக்கிறது. கள்ளக்கடலை நாட்கணக்கில் முன்கூட்டியே அறியலாம். இன்காய்ஸ் இதற்கெனத் தனி எச்சரிக்கை முறையையே நடத்திவருகிறது.

அவ்வாறிருந்தும் 2024 மே 6 அன்று, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில், மருத்துவம் படித்த ஐந்து இளையோர் அலையில் சிக்கி இறந்தனர். அதற்கு முந்தைய நாட்களிலேயே கேரளக் கரைக்கும் தென் தமிழகக் கரைக்கும் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அறிவியல் பிழைபடவில்லை. இறந்தோரைக் குறைகூறுவதும் தகாது. வெயில் காயும் மே மாதக் காலையில், காற்றில்லாத கடலின் முன் நிற்கும் எவருக்கும் அச்சம் தோன்றாது. எண்ணுக்கும் மணலுக்கும் இடையே எங்கோ செய்தி நின்றுவிட்டது. கோவளத்து ஞாயிறன்று அச்செய்தியைக் கரையில் நின்று சொல்ல ஒருவன் இருந்தான். வேறுபாடு அவ்வளவே.

‘அலைவுக் காலம் போன்ற நுட்பங்கள் பொதுமக்களுக்குப் புரியா’ என்று ஆய்வு நண்பர்கள் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைத் தமிழ்நாட்டுக் கரையோரத்தில் எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் எண்ணுக்கும் பத்தாம் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேநீர்க் கடைகள் அறியும். பல தலைமுறைப் பழக்கத்தால் வந்த அறிவு அது. பழக்கப்படுத்தாமலே புரியாது என்று முடிவுகட்டுவது ஆய்வு முறையாகாது.

‘எச்சரிக்கை மிகுந்தால் மக்கள் அலட்சியம் கொள்வர்’ என்பது இரண்டாவது மறுப்பு. இது வலுவான மறுப்பு. இதற்கான விடையைப் புதுச்சேரிக் கரையிலிருந்து பெறலாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களின் இறுதியில் அங்கே ஊரக அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஊர் ஒலிபெருக்கியில் அன்றாடம் அறிவித்தனர். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தில் அத்தகைய ஒலிபெருக்கிதான் ஊரைக் காத்தது. சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் தொலைபேசியில் எச்சரிக்க, ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே வெளியேற்றினர். ஆழிப்பேரலை எச்சரிக்கைக்கென நம் நாட்டில் மையம் இயங்கத் தொடங்கியது அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பிறகே. அந்த ஒலிபெருக்கி ஆபத்து நாளில் மட்டும் ஒலித்திருந்தால் எத்தனை பேர் நம்பியிருப்பர்? நல்ல நாளில் ‘இன்று போகலாம்’ என்று சொன்ன குரலுக்குத்தான், தீய நாளில் ‘ஓடுங்கள்’ என்று சொல்லும் உரிமை உண்டு.

மூன்றாவது மறுப்பு கடலியல் நண்பர்களுடையது. கணினி மாதிரி ஒரு பெரும் கட்டத்துக்கு ஓர் எண்ணைத் தரும்; ஒரு குறிப்பிட்ட கரையில் அலை எங்கே உடையும், எந்த இடைவெளி வழியே நீர் கடலுக்குத் திரும்ப இழுக்கும் என்பதை அது அறியாது. முற்றிலும் உண்மை. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலை உடையும் இடத்தை மணற்றிட்டு தீர்மானிக்கிறது. மணலோ ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கியும் வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் நம் கிழக்குக் கரையின் மணல் நகர்கிறது. புதுச்சேரித் துறைமுகம் அந்த நகர்வைத் தடுத்ததும், வடக்கே நகரம் தன் கடற்கரையையே இழந்தது. காலையில் நிலத்திலிருந்து வீசும் மேற்குக் காற்று அலையின் முகத்தை நிமிர்த்திச் சறுக்குவதற்கு ஏற்றதாக்கும். நண்பகலுக்குப்பின் வரும் கடற்காற்று அதே அலையைக் குலைத்துவிடும். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தபோது அயல்நாட்டு வீரர்கள் முதலில் அறிய வேண்டியிருந்தது இத்தகைய உள்ளூர்ச் செய்திகளையே. ஹைதராபாத்திலிருந்து இவற்றைச் சொல்ல இயலாது. ஆனால் என் தம்பியால் இயலும். சித்தப்பாவால் அவனைவிட நன்றாக இயலும்.

அலை முன்னறிவிப்பின் வரலாற்றிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, படைகள் கரையிறங்குவதற்காக அலையைக் கணித்துச் சொல்லும் பொறுப்பு கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஹெரால்டு ஸ்வெர்ட்ரப்புக்கும் அவருடைய மாணவர் வால்டர் மங்க்குக்கும் வந்தது. மங்க் அப்போது முனைவர் பட்டம் பெறாத இளைஞர். பலவகைப்பட்ட அலைகளின் கூட்டத்தை எந்த ஓர் எண்ணால் குறிப்பது என்ற வினா எழுந்தது. அனுபவம் வாய்ந்த படகோட்டிகள் கண்ணால் பார்த்துச் சொல்லும் உயரத்தோடு எந்தச் சராசரி பொருந்துகிறது என்று ஆராய்ந்தனர். மூன்றில் ஒரு பங்குச் சராசரி பொருந்திற்று. இன்று உலகெங்கும் வழங்கும் அந்த அளவு படகோட்டியின் கண்ணிலிருந்து பிறந்தது. அக்கண்ணை ஆய்வுக்குள் மீண்டும் அழைப்பது அறிவியலின் தரத்தைக் குறைக்கும் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

ஆகவே என் முன்மொழிவு எளியது. மக்கள் இறங்கும் ஒவ்வொரு கடற்கரையிலும் ஒரு பலகை. அதில் அன்றாடம் தமிழில் நான்கு வரிகள். முதல் வரியில் அலையின் உயரம். இரண்டாவதில் அலைவுக் காலம், நொடிக்கணக்கில். மூன்றாவதில் திசையும், பெரிய அலை வந்துசேரும் நேரமும். இம்மூன்றும் முன்னறிவிப்பிலிருந்து வரும். நான்காவது வரியை அக்கரையில் வாழும் ஒருவர் விடியலில் கடலைப் பார்த்து எழுத வேண்டும்: ‘தெற்குப் பாறையருகே இழுப்பு உள்ளது’, ‘மணற்றிட்டு விலகியிருக்கிறது’, ‘இன்று கடல் நன்று’. மீனவரோ, அலைச்சறுக்குப் பயிற்றுநரோ, உயிர்காப்பாளரோ எழுதலாம். அவ்வேலைக்கு ஊதியமும் வேண்டும். எழுதப்பட்ட நான்காவது வரிகள் நாள்தோறும் முன்னறிவிப்பு மையத்துக்குத் திரும்பிவர வேண்டும். சில ஆண்டுகளில் அது எந்த மிதவைக் கருவியும் தராத தரவுத் தொகுப்பாகும்.

இங்கே மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். கரையோரக் கல்லூரிகளில் இயற்பியலும் புவியியலும் கடலியலும் பயிலும் முதுகலை மாணவர்கள், ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு திட்டக் கட்டுரை எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு கடற்கரையை எடுத்துக்கொண்டு, ஒரு பருவம் முழுவதும் முன்னறிவிப்பையும் நான்காவது வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்றும், நீரோட்டத்துக்கு நீவாடு என்றும் பெயரிட்டு வைத்திருப்பவர்களோடு அமர்ந்து, ‘பதினைந்து நொடி’ என்பதை அவர்கள் எவ்வாறு சொல்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வழிகாட்டிகள் இதை ‘மக்கள் தொடர்பு’ என்று ஒதுக்காமல் ஆய்வாகவே மதிப்பிட வேண்டும். மதிப்பெண் இல்லாத பணியை மாணவர் செய்வதில்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

அலைவுக் காலத்தைச் செய்தியில் சேர்ப்பதில் நான் காணத் தவறிய இடர்ப்பாடு இருப்பின், கடலியல் நண்பர்கள் சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்வேன். இப்பதிவை எழுதி முடிக்கும் வேளையில் தம்பியிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. அலை முக்கால் மீட்டர், ஏழு நொடி. இன்று புதியவர்களை இறக்கிவிட்டானாம்.